பழைய வண்டியும் நாங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் படிக்கப்பெற்ற உரை)

கம்பனையும் இளங்கோவையும் பற்றிக் கற்றறிந்த பெரியோர் பேசிய இம்மேடையில், கார்புரேட்டரைப் பற்றிப் பேச எங்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிய செயற்குழுவின் துணிச்சலை முதற்கண் பாராட்டுகிறோம். நாங்கள் எஞ்சினியர்கள் அல்லர். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்கள். எழுதும் மையைவிட எஞ்சின் எண்ணெய் எங்கள் விரல்களில் அதிகம் ஒட்டியிருக்கிறது என்று எங்கள் வீட்டார் குறைகூறுவதுண்டு. அந்த ஒரு தகுதியே எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் நம் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் ஒரு வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே தலையை நீட்டியவண்ணம் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள்?" என்று தாய்மார்கள் பலமுறை கேட்டதுண்டு. இன்று விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அங்கே முதலில் நடைபெறுவது பழுதுபார்ப்பன்று, வழக்காடுதல். எந்த வண்டி சிறந்தது என்னும் வழக்கு இருபது ஆண்டுகளாகத் தீர்ப்பின்றி நிலுவையில் இருக்கிறது. எங்களில் ஒருவர் அம்பாஸடர் கட்சி. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், ஆங்கிலேய மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் பிறந்து, 1950-களின் இறுதி தொடங்கி 2014 மே மாதம் வரை, உருவம் பெரிதும் மாறாமல் வந்த வண்டி அது. டில்லியில் வாழ்ந்தவர்க்கு அம்பாஸடர் என்றால் சர்க்கார் என்று பொருள். வெள்ளை வர்ணமும், ஜன்னல் திரையும், கூரைமேல் சிவப்பு விளக்குமாக அது வரும்போது நடைபாதையில் செல்பவரும் சற்று ஒதுங்குவர். அந்தச் சுழல் விளக்கு 2017 மே முதல் தேதியோடு ஒழிந்தது. பின்ஆசனத்தில் ஒரு குடும்பமே காலை நீட்டி அமரலாம், எந்த ஊர்க் கொல்லனும் பழுது பார்க்கலாம், பள்ளத்தில் விழுந்தால் பள்ளத்துக்குத்தான் சேதம் என்பன அவர் வாதங்கள்.

இன்னொருவர் ஹெரால்டு கட்சி. இக்கட்சியின்பால் எங்களுக்குச் சற்று ஊர்ப்பற்று உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான வண்டி. அதன் முன்பகுதி முழுவதும், விளக்கும் மட்காப்பும் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பழுது பார்க்கலாம். முதலில் இரண்டு கதவுகளோடு வந்ததை நம் குடும்பங்களின் அளவறிந்து பிற்பாடு நான்கு கதவுகளாக்கினார்கள். பின்சக்கரங்கள் மட்டும் வளைவில் வேகமாகத் திரும்பினால் உட்புறம் மடங்கப் பார்க்கும். அதைச் சொன்னால் ஹெரால்டுக்காரருக்குக் கோபம் வந்துவிடும், ஆகவே அதிகம் சொல்வதில்லை.

இளையவர்கள் மாருதி 800 கட்சி. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் முதல் வண்டியின் சாவியை டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர், அதாவது நம்மைப்போல் மாதச் சம்பளக்காரர். மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொண்ட அந்தச் சிறு வண்டிதான், காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும், அதற்கு முன் வீட்டிலுள்ள ஆண்கள் எல்லாரும் தள்ள வேண்டியதில்லை என்னும் புதுமையை இந்நாட்டுக்கு உணர்த்தியது.

இனி, பராமரிப்பைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற அனுமதிக்க வேண்டுகிறோம். பயனுள்ள பகுதி இதுதான். ரயில்வேயில் எந்த எஞ்சினும் கெட்டுப்போன பின் பணிமனைக்குப் போவதில்லை. இத்தனை நாளுக்கு ஒருமுறை, இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அட்டவணை இருக்கிறது. சொந்த வண்டி வைத்திருப்பவரோ, சத்தம் வந்த பிறகுதான் முன்மூடியைத் திறக்கிறார். சத்தம் என்பது வண்டி எழுதும் முதல் கடிதம் அன்று, கடைசித் தந்தி.

பழைய வண்டிக்கு உயிர்நிலை எண்ணெயும் கிரீஸுமே. அம்பாஸடரின் முன்சக்கர மூட்டுகளில் உள்ள நிப்பிள்களுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடித்து வந்தால் அது பேரன் காலம் வரை ஓடும். அடிக்காவிட்டால் ஸ்டியரிங் கனத்து, டயர் ஒருபுறமாகத் தேயும். ஹெரால்டில் இதற்கு நேர்மாறு. அதன் முன்சக்கரக் கீழ்மூட்டுக்குக் கிரீஸ் ஆகாது, கியர் எண்ணெய்தான் விட வேண்டும். இதை அறியாத மெக்கானிக் அன்போடு கிரீஸைத் திணித்துவிட, அது மரைக்குள் இறங்காமல் மேலே அடைத்துக்கொண்டு, உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்று, ஒருநாள் சக்கரமே மடிந்து விழுந்த கதைகள் உண்டு.

டில்லியின் தட்பவெப்பம் வண்டிக்கு ஒரு பரீட்சை. மே, ஜூன் மாதங்களில் லூ என்னும் அனற்காற்று வீசும்போது, பழைய வண்டியின் பெட்ரோல் பம்பு எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு கொதிக்கும். குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிட, போக்குவரத்து விளக்கின் அடியில் வண்டி நின்றுவிடும். பின்னால் நிற்பவர் ஹாரனை அடித்துக்கொண்டிருக்க, ஓட்டுபவர் இறங்கிப் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அக்காலத்தில் டில்லித் தமிழர் வண்டிகளில் ஒரு பழைய துண்டும் ஒரு தூக்குத் தண்ணீரும் தவறாமல் இருந்ததன் காரணம் இதுவே. ஜனவரிக் குளிரில் கதை வேறு. பாட்டரி சோர்ந்து, எண்ணெய் கெட்டித்துக் கிடக்கும். சோக்கை முழுவதும் இழுத்து, கிளச்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், கியர்ப்பெட்டியைச் சுழற்றும் சுமை குறைந்து ஸ்டார்ட்டருக்குச் சற்று இளைப்பாறல் கிடைக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு கருவியை எங்களுக்குக் காட்டியவர் எங்கள் வட்டத்தின் மூத்தவரான மாமா. நோட்டுப் புத்தகம்தான் அந்தக் கருவி. அவரிடம் 1988-ஆம் ஆண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினி ஒன்று இருந்தது. பம்பாய் குர்லாவில் செய்தது, 1,089 சி.சி., ஸ்டியரிங் தண்டின்மேல் கியர்க்கோல். அவ்வண்டிக்கு என்று எந்த நாளில் எண்ணெய் மாற்றியது, எத்தனை கிலோமீட்டரில் பிளக் மாற்றியது, எந்தக் கடையில் எவ்வளவு கொடுத்தது என்பதெல்லாம் ஒரு நீண்ட கணக்கு நோட்டில் முத்துமுத்தான எழுத்தில் இருக்கும். எழுத்து மாமாவுடையது அன்று, மாமியுடையது. மாமா எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று சொல்ல, மாமி பால்கணக்கு எழுதும் அதே பேனாவால் எழுதிக்கொள்வார். ஓரத்தில் சில இடங்களில் மாமியின் சொந்தக் குறிப்பும் உண்டு: "இந்தக் கடையில் ஏமாற்றினார்கள், இனிப் போகக்கூடாது" என்பது போல. எங்களில் பலர் சிறுவராக இருந்தபோது அந்தப் பத்மினியின் பின்ஆசனத்தில் அறுவராக நெருங்கி உட்கார்ந்து இந்தியா கேட்டுக்கு ஐஸ்கிரீம் தின்னப் போனவர்கள். மோட்டார் வண்டியின் மீது எங்களுக்கு மோகம் பிறந்தது அங்கேதான்.

பாதையற்ற பாதையில் வண்டி ஓட்டும் விளையாட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எங்களில் ஒரு தம்பியிடம் ஜிப்ஸி ஒன்று இருக்கிறது. 1985-இல் வெளிவந்து, நம் ராணுவத்தாரும் மலைவாசிகளும் போற்றிய நான்கு சக்கர இயக்க வண்டி அது. அதில் மணாலி சென்று, 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயை ஏறி வந்திருக்கிறோம். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் லாஹௌல் செல்பவர் கணவாய் ஏறவேண்டிய அவசியமில்லை. நாங்கள் அவசியத்துக்காகப் போனவர்கள் அல்லர்! உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. கார்புரேட்டர் வண்டிக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். இன்றைய ஊசி முறை எஞ்சின்கள் காற்றை அளந்து தாமே சரிசெய்துகொள்கின்றன. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் சிறிய கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைத் தடுத்தல், மணலில் டயர்க் காற்றைக் குறைத்தல், ஓடை குறுக்கிட்டால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து ஆழம் பார்த்தல் ஆகிய மூன்றையும் கற்றவர்க்கு மற்றவை தாமே வரும். குருகிராமத்தை அடுத்த ஆரவல்லிக் குன்றுகளில் ஏறுவதை மட்டும் நாங்கள் விட்டுவிட்டோம். ஒருமுறை சக்கரத் தடத்தில் மயிலின் முட்டைகள் நசுங்கிக் கிடந்ததைக் கண்டோம். எங்கள் தடமா, பிறர் தடமா என்று ஆராயவில்லை.

உண்மையில், சாகசத்துக்காக டில்லியைவிட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் மின்டோ பாலத்தின் அடியில் போய்ப் பாருங்கள். ரயில்வே ஏட்டில் சிவாஜி பாலம் என்று வழங்கும் அதன்மேல் நம் ரயில்கள் போய்க்கொண்டிருக்க, அடியில் பஸ்களே மூழ்கி நிற்கும் காட்சி பல ஆண்டுகள் பத்திரிகைகளில் வந்தது. எங்களில் ஒருவர் அந்த நீரில் துணிந்து இறங்கினார். வண்டி நின்றது. நின்றதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பினார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டன் முட்டி, இணைப்புக் கம்பி வளைந்தது. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளுங்கள். இவ்வுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

இனி, சென்ற ஆண்டு எங்கள் வேப்பமரத்தடியில் சிரிப்பு நின்றுபோன விஷயத்துக்கு வருகிறோம்.

டில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாது என்பது நீங்கள் அறிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. ஆனாலும் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை யாரும் வந்து கேட்கவில்லை. மாமா வாரம் ஒருமுறை குடியிருப்புக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவார். 2025 ஜூலை முதல் தேதி, வயது கடந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்குகளில் பெட்ரோலே கிடையாது என்ற ஏற்பாடு வந்தது. எண்பலகையைப் படிக்கக் காமிரா வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் அது ஒத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. மாமாவின் முகத்தில் நான்கு மாதம் வெளிச்சம் இருந்தது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4-ம் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டுமே என்று நீதிமன்றம் வரையறுத்தது. 1988-ஆம் ஆண்டுப் பத்மினி எந்த ஸ்டேஜிலும் ஏறாதது.

அந்த ஞாயிறு எங்களுக்குள் பெரும் வாக்குவாதம். நாங்கள் சினத்தோடு எடுத்த முதல் சான்று நம் ரயில்வேயுடையதே. சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1914-இல் செய்யப்பட்ட ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி இருக்கிறது. நிஜாம் அரசு ரயில்வேக்காக இங்கிலாந்திலிருந்து வந்தது. 1964 முதல் டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திவரும் பழைய கார் அணிவகுப்பில் அது மணியடித்துக்கொண்டு ஓடிப் பரிசுகள் பெற்றிருக்கிறது. 1855-ஆம் ஆண்டின் பேரி குவீன் நீராவி எஞ்சினும் 1997-இல் புதுடில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடியது. நம் பெரம்பூர்ப் பணிமனையின் கையும் அதன்மேல் பட்டிருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு நிறைந்த வண்டி புராதன வண்டி என்று சிறப்புப் பதிவு பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். ஆக, 15 வயதில் குற்றவாளி, 50 வயதில் பெருமகன். இடையே உள்ள 35 ஆண்டுகள் அதை எங்கே ஒளித்துவைப்பது? மாமாவின் வண்டிக்கு 2038-இல் ஐம்பது நிறையும். மாமாவுக்கு அப்போது தொண்ணூறு.

இவ்வளவும் நாங்கள் உரத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் அம்பாஸடர் கட்சிக்காரர் வாய் திறக்கவில்லை. அவருடைய இளைய மகளுக்கு எட்டு வயது. தீபாவளி கழிந்து பனிப்புகை இறங்கியது முதல் ஹோலி வரை மூச்சுக்குழல் மருந்துக் குப்பியைப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு போகும் குழந்தை. கடைசியில் அவர் சொன்னார்: "அண்ணா, இந்த வண்டியின் புகைக்குழாயில் வடிகட்டும் சாதனம் ஒன்றும் இல்லை. 1995 ஏப்ரலுக்குப் பிறகு இந்த ஊரில் விற்ற புது வண்டிகளில்தான் அது கட்டாயமாயிற்று. மாமா வாரம் ஒரு சுற்று ஓட்டுகிறார், அதனால் என் மகளுக்கு ஒன்றும் வந்துவிடாது. ஆனால் டில்லியில் எத்தனை மாமாக்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது."

எங்களில் யாரும் மறுமொழி சொல்லவில்லை. வயதை அளவுகோலாக வைப்பது முரட்டு அளவுகோல் என்பதே இன்றும் எங்கள் அபிப்பிராயம். ஒழுங்காகப் பேணப்பெற்ற பழைய வண்டியையும், பேணாத வண்டியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று. புகையைச் சோதித்துத் தீர்ப்பளிப்பதே முறை. ஆயினும் எவ்வளவு பேணினாலும் பத்மினி ஒரு புது வண்டியைவிடப் பலமடங்கு அழுக்கைக் கக்கும் என்பதை, அதன் கார்புரேட்டரைப் பத்துமுறை பிரித்துப் பூட்டிய எங்களைவிட நன்கறிந்தவர் யார்?

மாமாதான் முடிவு செய்தார். பழைய இரும்புக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். மாயாபுரியில் வண்டிகளை உடைத்து உறுப்பு உறுப்பாக அடுக்கி விற்பதை அவர் பார்த்திருக்கிறார். நாமும் அங்கே உதிரிப் பாகம் வாங்கியவர்கள்தாம். கும்பகோணத்தில் இருக்கும் அவர் தங்கை மகன், "அனுப்புங்கள் மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். அதன்பின் எங்கள் குமாஸ்தா மூளைக்கு வேலை வந்தது. வேறு மாநிலத்தில் பதிவதற்கான தடையில்லாச் சான்று, படிவம் 28. சேஸிஸ் எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்க வேண்டும். முப்பத்தேழு வருஷத்துத் துரு அந்த எண்ணை மூடியிருந்தது. மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு அரைநாள் தேய்த்தபின் எண் தெரிந்தது.

நாங்கள் ரயில்வேக்காரர்களாயிற்றே, வண்டியை ரயிலில் ஏற்றிவிடலாம் என்று எண்ணியிருப்பீர்கள். வயதான பிரயாணிப் பெட்டிகளின் ஆசனங்களைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, பின்புறம் கதவு வைத்து, கார் ஏற்றும் வாகன்களாக மாற்றுகிறோம். பழையதைப் பயன்படுத்தும் கலையை எங்கள் இலாகா அறிந்தே இருக்கிறது. ஆனால் அவை தொழிற்சாலையிலிருந்து முழு ரயிலாக நூற்றுக்கணக்கில் புது வண்டி ஏற்றிச் செல்வதற்கானவை. ஒற்றைப் பத்மினிக்கு அங்கே இடமில்லை. லாரியில்தான் அனுப்பினோம்.

ஏற்றிய அன்று பனி மூடியிருந்தது. மாமா தாமே ஓட்டிப் பலகைமேல் ஏற்றினார். இறங்கியதும் சாவியை லாரிக்காரரிடம் கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தையும் வண்டியோடு அனுப்புவதென்று ஏற்கெனவே பேசியிருந்தோம், வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவனுக்கு அது வேண்டுமல்லவா? மாமா முன்ஆசனத்தில் வைத்தது பிரதி. முந்தைய நாளே கடைத்தெருவுக்குச் சென்று நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் நகலெடுத்துக் கட்டி வைத்திருந்தார். மாமி காலமாகி மூன்று ஆண்டு ஆகிறது. மூலத்தைக் கொடுக்கும்படி எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மருமகனிடமிருந்து தொலைபேசி வந்தது. வண்டி சேதமின்றி வந்து சேர்ந்தது. ஆனால் பெட்ரோல் வாசனை அடிக்கிறது, பம்பின் அருகே கசிகிறது என்றான். காரணம் ஊகிக்கக்கூடியதே. இப்போது பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை எத்தனால் இளக்கி வெடிக்கச் செய்யும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் தத்தம் குழாய்களை இந்த வாரமே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டுகிறோம். பிசுபிசுத்தால் உடனே மாற்றிவிடுங்கள், எஞ்சின் சூட்டில் பெட்ரோல் கசிவது விளையாட்டன்று. அதுவரை வண்டியை எடுக்காதே என்று மருமகனுக்கு மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மாமாவோடு காஷ்மீரி கேட் உதிரிப் பாகக் கடைத்தெருவில் மூன்று மணி நேரம் அலைந்தோம். எத்தனாலைத் தாங்கும் குழாய் நாலு அடி, பம்புக்கு ஒரு டயாபிரம், பாயிண்ட் செட் இரண்டு கிடைத்தன. கும்பகோணத்துக்குப் பார்சல் கட்டினோம், எடை 1 கிலோ 200 கிராம். வீடு திரும்பியதும் மாமா பேனாவை எடுத்து, மாமியின் கடைசிக் குறிப்புக்கு அடியில், தம் கோணல் எழுத்தில் தேதியையும் விலையையும் எழுதினார்.